சட்டைப் பையில் ரோட்டர்

அவருக்கு வாதம் வந்தபோது இடது பக்கம்தான் விழுந்தது. பிறவியிலேயே இடது கைக்காரர் அவர். ஸ்பானர் பிடித்தது, ஸ்க்ரூ முடுக்கியது, பெண்டாட்டியை அறைந்தது எல்லாம் அந்தக் கைதான். இப்போது அது போர்வையின் மேல் யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன சாமான் மாதிரிக் கிடந்தது. நாக்குக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. டாக்டர் பார்த்துவிட்டு அவர் மனைவியிடம், "பேச்சு போகாதது உங்க அதிர்ஷ்டம்மா" என்றார். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்தில் நர்ஸ் நின்றதால் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்து நர்ஸ் தோளைத் தட்டிக்கொடுத்தாள்.

தெருவில் அவரை 'டைமிங்' என்பார்கள். எஞ்சின் ஓடும் சத்தத்தைக் காதால் கேட்டே, பிளக்கில் நெருப்பு விழுகிற நேரத்தை, அதாவது டைமிங்கை, சரியாக வைத்துவிடுவார் என்று ஒரு பெயர். அது பொய்யில்லை. தொழிலில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது, அதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் வீட்டுக்குப் பின்னால் இருந்த ஷெட்டில் வேலைக்குச் சேர்ந்த எவனும் நிலைக்கவில்லை. யாருக்கும் எதையும் முழுசாகச் சொல்லித்தர மாட்டார். எந்த வேலையானாலும் கடைசியில் ஒன்றைச் சொல்லாமல் தனக்கென்று வைத்துக்கொள்வார். சொன்னபடியே எல்லாம் செய்து வண்டியை எடுத்துக்கொண்டு போனவன் பாதி வழியில் நின்று போன் பண்ணுவான். இவர் காலை ஆட்டிக்கொண்டே, "என்ன தம்பி, நின்னுடுச்சா?" என்பார். அந்த ஒரு கேள்வியைக் கேட்பதற்காகவே மனுஷன் தொழில் செய்தார் என்று சொன்னாலும் தப்பில்லை.

மனைவிக்கு அவர் வைத்த பெயர் 'டார்ச்'. கல்யாணமான புதிதிலிருந்து அவர் வண்டிக்குள் தலையை விட்டு வேலை செய்யும்போதெல்லாம் வெளிச்சம் காட்டுவது அவள் வேலை. வெளிச்சம் கொஞ்சம் ஆடினாலும் ஸ்பானரின் பிடியால் முழங்கையில் ஒன்று விழும். அவள் ஆடாமல் பிடிக்கப் பழகிக்கொண்டாள். ஆடாமல் பிடிக்கவேண்டுமானால் அவர் விரல் போகிற இடத்துக்குக் கண்ணும் போகவேண்டும். வருஷக்கணக்காகப் போனது. அவள் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்பது அவருக்கு ஒருநாளும் உறைக்கவில்லை. டார்ச் எங்கேயாவது பார்க்குமா என்ன?

அவர்களுக்கென்று ஒரு பழைய கார் இருந்தது. அவளுக்கு ஓட்டவும் தெரியும். ஆசைப்பட்டு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. நின்றுபோன வண்டிகளை அவர் கயிறு கட்டி இழுத்து வரும்போது பின்வண்டியில் ஸ்டியரிங் பிடிக்க ஒரு ஆள் வேண்டியிருந்தது, அவ்வளவுதான். சாவி சுவரில் ஆணியில்தான் தொங்கும். ஆனால் அவர் வெளியே போகும்போது பானட்டைத் திறந்து, டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியை நீக்கி, உள்ளேயிருந்து ரோட்டரை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டுதான் கிளம்புவார். கட்டைவிரல் அளவுள்ள கறுப்புத் துண்டு அது. நடுவில் நின்று சுற்றி ஒவ்வொரு பிளக்குக்கும் முறைவைத்து நெருப்பைப் பகிர்ந்து கொடுப்பது அதுதான். அது இல்லாவிட்டால் பேட்டரி புதிதாக இருந்தாலும், டேங்க் நிறையப் பெட்ரோல் இருந்தாலும், வண்டி இருமிக்கொண்டே இருக்குமே தவிர ஓடாது. திருட்டுக்குப் பயந்து அப்படிக் கழற்றுகிறவர்கள் உண்டு. இவர் திருடனுக்குப் பயப்படவில்லை.

பக்கத்து ஊரில் அவளுடைய அம்மா மூச்சுக்குத் திணறிக்கொண்டிருக்கிறாள் என்று செய்தி வந்த அன்று அவர் வீட்டில் இல்லை. கார் முற்றத்தில் நின்றது. அவள் சாவியைப் போட்டுத் திருகினாள். இருமியது. மறுபடியும் திருகினாள். பைத்தியம் பிடித்தவள் மாதிரித் திருகித் திருகி, இருமல் முனகலாகி, முனகல் வெறும் 'டிக்' என்ற சத்தமாகி, அதுவும் அடங்கியது. பிறகுதான் பேருந்துக்கு ஓடினாள். போய்ச் சேர்ந்தபோது அம்மாவைச் சுடுகாட்டுக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டிருந்தார்கள். முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

திரும்பி வந்தபோது அவர் காருக்குப் பக்கத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்கிற முகத்தோடு நின்றிருந்தார்.

"பேட்டரியைக் கொன்னுட்டியேடி" என்றார். பிறகு சட்டைப் பையிலிருந்து ரோட்டரை எடுத்து அவள் மூக்குக்கு முன்னால் ஆட்டினார். "இது இல்லாம எப்படி ஓடும்? இத்தனை வருஷம் பக்கத்துல நின்னு என்னத்தைடி பார்த்த?"

அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அன்றிலிருந்து அவள் அவரை வெறுத்தாள். மூடி மறைக்க என்ன இருக்கிறது, நன்றாக, முழு மனசோடு வெறுத்தாள்.

வாதம் வந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. தூக்குவதும் துடைப்பதும் ஊட்டுவதும் அவள்தான். ஊட்டியது பிடிக்காவிட்டால் அவர் அவள் மேலேயே துப்புவார். ரோட்டர் இன்னும் அவருடைய சட்டைப் பையில்தான் இருந்தது. சட்டை மாற்றும்போது அதை வலது கையில் இறுக்கிப் பிடித்துக்கொள்வார், மாற்றி முடித்ததும் புதுச் சட்டையின் பைக்குப் போகும். நடக்கமுடியாதவருக்கு எதற்கு அது என்று அவள் கேட்கவில்லை. எதற்கு என்று அவளுக்குத் தெரியும்.

அவருடைய அக்கா, அவளுக்கு நாத்தனார், மலைக்கு அந்தப் பக்கம் சொந்த வீட்டில் இருந்தாள். விதவை, ஒரே மகன், அவனுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை. இவள் போனில் மன்றாடியதற்கு நாத்தனார் ஒத்துக்கொண்டாள், ஆனால் சும்மா ஒத்துக்கொள்ளவில்லை.

"தம்பியை நான் பார்த்துக்கறேன். ஆனா அந்தக் காரையும் சேர்த்துக் கொண்டு வா. என் பையனுக்கு அது மேல ஒரு கண்ணு. ஓடுற வண்டியா வரணும், சொல்லிட்டேன். தள்ளிக்கிட்டு வந்து நிறுத்தினா ரெண்டையும் அப்படியே திருப்பி அனுப்பிடுவேன்."

"ஓட்டிக்கிட்டே வரேன் அண்ணி."

சொல்லிவிட்டாளே தவிர, கார் ஓடுகிற நிலையில் இல்லை. அவர் விழுந்ததே அதன் டிஸ்ட்ரிபியூட்டரைச் சரிபண்ணக் கிளம்பிய அன்றுதான். அதற்குள்ளிருக்கும் ஷாஃப்ட் தேய்ந்து, ஆடிக்கொண்டிருந்தது. சரி, காரை எப்படியாவது அனுப்பிவிட்டு அவரை வேறு வண்டியில் ஏற்றலாம் என்றால் அதுவும் நடக்காது. "அடுத்தவன் வண்டியில என் பொணம்தான் ஏறும்" என்று சொல்லிக்கொண்டிருந்தவர், அதில் மாறவேயில்லை. நினைவில்லாமல் கிடந்தபோது ஆம்புலன்ஸில் ஏற்றியதோடு சரி. அடுத்த தடவை ஸ்ட்ரெச்சர் தூக்க வந்தவனின் கையைக் கடித்துவிட்டார். அவன் ரத்தம் சொட்டச் சொட்ட இறங்கிப் போனான். ஆக, அவர் போகவேண்டுமானால் அந்தக் கார் ஓடவேண்டும். அந்தக் கார் ஓடவேண்டுமானால் அதைச் சரிபண்ண அவர் வழி சொல்லவேண்டும். வாடகை வீட்டை மாதக் கடைசியில் காலி செய்வதாக வீட்டுக்காரரிடம் அவள் சொல்லியும் ஆகிவிட்டது.

சாப்பாடு ஊட்டும்போது பேச்சை எடுத்தாள்.

"கைகாலுக்கு எக்சர்சைஸ் சொல்லித்தர இடம் ஒண்ணு இருக்காம். மலைக்கு அந்தப் பக்கம். அங்க போனவங்களுக்குக் கை திரும்ப வருதாம்."

அவர் மெல்லுவதை நிறுத்தினார். "யார் சொன்னா?"

"டாக்டர்தான். நீங்கதான் வேற வண்டியில ஏறமாட்டீங்களே. அதான் நம்ம வண்டியைச் சரிபண்ணலாமான்னு பார்த்தேன்."

"யாரு, நீயா?" வாயிலிருந்த பருக்கை தெறிக்கச் சிரித்தார். சிரித்து முடித்துவிட்டுப் போர்வை மேல் கிடந்த கையைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். அந்தப் பொய்யைச் சொல்ல அவளுக்கு நாக்கு கூசியிருக்க வேண்டும், கூசவில்லை. "கழட்டி எடுத்துக்கிட்டு வா" என்றார் கடைசியில். "உடைச்சுக் கிடைச்சுத் தொலைச்சே, தெரியும்."

கட்டிலை இழுத்துப் பின்கதவுக்கு நேராகப் போட்டாள். அங்கிருந்து ஷெட்டும் காரின் மூஞ்சியும் தெரியும். படுத்த இடத்திலிருந்தே அவர் ராஜ்யம் நடத்தினார்.

"மூடியை எடு. வயரெல்லாம் எது எங்கேன்னு அடையாளம் வெச்சுக்கோ. உனக்குத்தான் அடுப்பு பர்னர் ரெண்டுமே குழம்புமே. டிஸ்ட்ரிபியூட்டர் உடம்புல ஒரு கோடு, எஞ்சின்ல ஒரு கோடு கிழி. நேரா கிழிடி. உன் தலைவகிடு மாதிரி கோணலா கிழிக்காத."

அவள் ஒன்றையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை, வேலைக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொண்டாள். வசவையும் விவரத்தையும் பிரித்தெடுப்பது அவளுக்கு எப்போதோ கைவந்த கலை. டிஸ்ட்ரிபியூட்டரை உருவி எடுத்து, பழைய துணியில் வைத்து அவர் மடிக்குக் கொண்டுவந்தாள். வலது கையால் ஷாஃப்ட்டைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். பல் விழப்போகிற குழந்தையின் பல் மாதிரி ஆடியது.

"புஷ் போச்சு, ஷாஃப்ட்டைத் தாங்குற வளையம்" என்றார். "ஷாஃப்ட் இப்படி ஆடினா, நெருப்பைத் தட்டிவிடுற பாயின்ட்டோட இடைவெளி ஒரு சுத்துல ஒரு மாதிரி, மறு சுத்துல வேற மாதிரி இருக்கும். எப்படி ஓடும்? மேலும் கீழும் ரெண்டு புஷ். பாயின்ட், கண்டென்சர் புதுசா வாங்கு."

உதிரிபாகக் கடைக்காரர் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு சாமான்களைத் தேடி எடுத்துக் கொடுத்தார். டைமிங்கின் சம்சாரமே வந்திருப்பதில் அவருக்கு ஒரே வேடிக்கை.

"பாயின்ட் இருக்கு, கண்டென்சர் இருக்கு. புஷ்ஷு பித்தளையில கடைஞ்சு வாங்கிக்கலாம். ரோட்டர் மட்டும் கேட்டுடாதீங்கம்மா. இந்த மாடலுக்கு எங்கேயும் கிடையாது. போன வருஷம் ஒருத்தர் எங்கெங்கேயோ அலைஞ்சு பார்த்துட்டுக் கடைசியில வண்டியையே எடைக்குப் போட்டுட்டார்."

"ரோட்டர் வேண்டாம்" என்றாள் அவள். "அவர்கிட்டயே இருக்கு."

புஷ்களை எண்ணெயில் ஊறப்போட்டாள். ஷாஃப்ட்டின் அடியில் பல்சக்கரத்தைப் பிடித்திருக்கும் பின்னைத் தட்டி எடுக்க ஒரு காலைப்பொழுது போனது. சுத்தியல் வழுக்கி ஆள்காட்டி விரலில் இறங்கியது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு விரலை உதறியபோது கட்டிலிலிருந்து குரல் வந்தது. "ரத்தத்தைத் துடைச்சுட்டுப் போடுடி. இரும்புல பட்டா துரு ஏறும்."

பழைய புஷ்களைத் தட்டி வெளியே தள்ளி, புதியவற்றை வைஸ் இடுக்கியில் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக அழுத்தி இறக்கினாள். கோணலாக இறங்கினால் எல்லாம் பாழ். அவர் கழுத்தை நீட்டி நீட்டிப் பார்த்தார். கோணலாகவில்லை. அது அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்திருக்கும். ஷாஃப்ட்டைத் துடைத்து உள்ளே விட்டாள். வாஷர்களைப் பழைய வரிசையிலேயே போட்டாள். ஷாஃப்ட்டோடு சுற்றும் எடைக்கட்டைகளின் சின்ன ஸ்பிரிங்குகளை மாட்டும்போது ஒன்று தெறித்து அலமாரிக்கு அடியில் ஓடியது. அதை அவள் மண்டியிட்டுத் தேடிய நேரம் முழுக்க அவர் அவளுடைய பிறந்த வீட்டையே ஒரு சுற்று இழுத்துவிட்டார். அம்மா பெயர் வந்ததும் அவள் தேடுவதை நிறுத்தித் தலையைத் தூக்கிப் பார்த்தாள். பிறகு மறுபடியும் குனிந்து தேடினாள். கிடைத்தது.

பூட்டி முடித்ததை அவரிடம் கொடுத்தாள். அவர் ஷாஃப்ட்டைச் சுண்டிவிட்டார். சத்தமே இல்லாமல் சுற்றியது. பக்கவாட்டில் ஆட்டிப் பார்த்தார். மயிரிழைகூட ஆடவில்லை. மறுபடியும் சுண்டிவிட்டு, சுற்றி நிற்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

"ம்" என்றார்.

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் வாங்கிய பாராட்டு அது ஒன்றுதான். அதற்காக மனசு ஒரு கணம் நிறைந்ததை நினைத்து அவளுக்குத் தன் மேலேயே எரிச்சலாக வந்தது.

பாயின்ட்டைப் பொருத்தி, அளவுத் தகடு வைத்து இடைவெளியைப் பார்த்து, ஸ்க்ரூவை முடுக்கினாள். முடுக்கிய பிறகு இன்னொரு தடவை தகடு விட்டுப் பார்க்கச் சொன்னார். பார்த்தாள், சரியாக இருந்தது.

"அவ்வளவுதான். வண்டியில மாட்டு" என்றார்.

அவள் எழுந்திருக்கவில்லை. இன்னும் ஒன்று இருந்தது. அந்த இடத்தில் அவருடைய கை என்ன செய்யும் என்பது அவளுக்கு மனப்பாடம். ஒரு தீக்குச்சியை எடுக்கும், அதன் முனையில் கடுகளவு கிரீஸைத் தொடும், பாயின்ட்டின் குதிகால் என்கிற சின்ன மேடு ஷாஃப்ட்டில் உரசுகிற இடத்தில் தடவும். ஒவ்வொரு வண்டிக்கும் தடவுவார். அதைத் தடவாவிட்டால் வண்டி கிளம்பும், நன்றாகவே ஓடும். ஒரு வருஷத்துக்கு மேல் நின்று துரு ஏறிய ஷாஃப்ட் அந்தக் குதிகாலை அரம் மாதிரி ராவி ராவி, கொஞ்சதூரம் போனதும் இடைவெளி மூடிவிடும். அப்புறம் நடுரோட்டில் நிற்கவேண்டியதுதான்.

"வேற ஒண்ணும் இல்லையா?" என்று கேட்டாள்.

"வேற என்ன இருக்கு?" அவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வேலை செய்கிற பக்கத்து உதட்டோரம் மட்டும் லேசாக மேலே ஏறியிருந்தது. அந்தச் சிரிப்பு அவளுக்குத் தெரியும். என்ன தம்பி, நின்னுடுச்சா?

தனக்குக் கை வரும் என்று நம்பிப் போகிற வழியில்கூட அவரால் அதை விடமுடியவில்லை. நடுவழியில் அவள் கைபிசைந்து நிற்கவேண்டும், அவர் சீட்டில் சாய்ந்துகொண்டு கேட்கவேண்டும், அவள் கெஞ்சவேண்டும். அதுவரை அவளுக்கு எங்கேயோ ஒரு ஓரத்தில் கொஞ்சம் உறுத்தல் இருந்தது. அது அங்கேயே செத்தது.

ஷெட்டுக்குப் போய், அவருக்கு முதுகைக் காட்டி நின்று, தீக்குச்சியால் கிரீஸைத் தடவிவிட்டு டிஸ்ட்ரிபியூட்டரை வண்டியில் மாட்டினாள்.

கிளம்புகிற நாள் காலையில் பேட்டரி சார்ஜ் ஏறி வந்திருந்தது, புதுப் பெட்ரோல் ஊற்றியாகிவிட்டது. அவள் கட்டில் பக்கம் வந்து கையை நீட்டினாள். "ரோட்டர்."

"முதல்ல என்னை வண்டியில உட்கார வை. அப்புறம் தரேன்."

வைத்தாள். சக்கர நாற்காலியில் தள்ளிப்போய், அக்குளில் கைகொடுத்துத் தூக்கி, முன்சீட்டில் சாய்த்து, தொங்கிய காலை எடுத்து உள்ளே வைத்தாள். அவர் மூச்சு வாங்கிக்கொண்டு சட்டைப் பையில் கைவிட்டார். ரோட்டரை எடுத்து உள்ளங்கையில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். பையில் கிடந்து கிடந்து அது கூழாங்கல் மாதிரி வழவழத்திருந்தது. அவள் அதை வாங்கிக்கொண்டு போய் மாட்டி, மூடியைப் போட்டுக் கிளிப்புகளை அமுக்கினாள்.

இரண்டு இருமலுக்குப் பிறகு எஞ்சின் பிடித்தது.

"இறங்கிப் போய் டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பு" என்றார். கண்ணை மூடிக்கொண்டார். "இந்தப் பக்கம். இன்னும் கொஞ்சம். போதும், போதும்டி. பின்னால வா ஒரு நூல். ம், அங்கேயே நிறுத்திப் பூட்டு."

எஞ்சினின் சத்தம் சட்டென்று உருண்டு திரண்டு ஒரே சீராக வந்தது. கேட்கவே சுகமாக இருந்தது. அவர் காதும் அவள் கையும் சேர்ந்து செய்த முதல் காரியம் அது. வேறு மாதிரி மனுஷனாக இருந்திருந்தால் என்று ஒரு நினைப்பு வந்தது. அவள் பானட்டைப் படீரென்று மூடினாள்.

ஊரைத் தாண்டும்வரை அவர் உற்சாகமாகவே இருந்தார். கை வந்ததும் ஷெட்டைப் பெரிதாகக் கட்டப்போவதாகச் சொன்னார். கை வந்ததும் முதல் அறை யாருக்கு என்று தெரியுமா என்று கேட்டுவிட்டு அவரே சிரித்துக்கொண்டார். அடிக்கடி எஞ்சின் பக்கம் காதைச் சாய்த்தார்.

"ஏதாவது தடுக்குதா?"

"இல்லைங்க."

"தடுக்கும். ஏத்தம் வரட்டும்."

ஏற்றம் வந்தது. கார் மூன்றாவது கியரில் முனகாமல் ஏறியது. வளைவுக்கு வளைவு அவர் அவள் முகத்தைப் பார்ப்பதும் ரோட்டைப் பார்ப்பதுமாக இருந்தார். மலையுச்சியில் அவர் முகத்திலிருந்த சிரிப்பு கழன்றிருந்தது. இறக்கத்தில் வியர்வை ஊறியது.

"நிறுத்து. ஒரு தடவை திறந்து பார்க்கணும்."

"நல்லாத்தானே ஓடுது."

"நிறுத்துன்னா நிறுத்துடி."

அவள் நிறுத்தவில்லை. அடிவாரத்தில் சாலை பிரிகிற இடத்தில் வலது பக்கம் திருப்பினாள். ஓடு போட்ட ஒரு பள்ளிக்கூடம், ஒரு மரக்கடை, ஒரு பெரிய தண்ணீர்த் தொட்டி. அவர் நிமிர முயன்று முடியாமல் கதவில் சரிந்தார்.

"இது அக்கா வீட்டு வழி."

"ஆமா."

தண்ணீர்த் தொட்டியும் பின்னால் போய் மறைந்தது. அவருக்குப் புரிய அவ்வளவு நேரம் தேவைப்பட்டது.

"விட்டுட்டுப் போகப் போறியா?" என்றார். அவள் ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காததும் குரல் ஏறியது. "போய்ச் சேரமாட்டடி. நடுவழியில நிக்கும் பாரு. அப்ப யாரைக் கேப்ப? என்னைத்தான் கேக்கணும். காலைப் பிடிச்சாலும் சொல்லமாட்டேன்."

"நிக்காது."

"உனக்கு என்னடி தெரியும்?"

"கிரீஸ் வெச்சுட்டேன்."

அவர் வாயைத் திறந்தார். அந்த வாயிலிருந்து ஒன்றும் வராமல் அவள் பார்த்தது அதுதான் முதல் தடவை. ரொம்ப தூரம் போன பிறகு, அவருக்குப் பழக்கமே இல்லாத ஒரு குரலில், "கை வரும்னு டாக்டர் சொன்னார்னியே" என்றார்.

"அது நான் சும்மா சொன்னது" என்றாள்.

நாத்தனார் வாசலிலேயே காத்திருந்தாள். முதலில் காரைச் சுற்றி வந்து பார்த்தாள். ஒரு தடவை அணைத்துவிட்டு மறுபடியும் ஸ்டார்ட் பண்ணிக் காட்டச் சொன்னாள். உடனே கிளம்பியது. அதற்குப் பிறகுதான் தம்பியைப் பார்த்து, "என்னடா இப்படி இளைச்சுட்ட" என்றாள். இருவருமாகத் தூக்கிக்கொண்டு போய் முன்னறைக் கட்டிலில் போட்டார்கள். ஜன்னல் முற்றத்தைப் பார்த்திருந்தது, கார் அதற்கு நேராக நின்றது.

"என் பையன் இப்ப வந்துடுவான். இருந்து சாப்பிட்டுட்டுப் போ."

"இல்லை அண்ணி, பஸ் போயிடும். வண்டி சூடா இருக்கு, ஒரு தடவை திறந்து பார்த்துட்டுக் கிளம்பறேன்."

நாத்தனார் உள்ளே போனாள். அவள் முற்றத்துக்கு வந்து பானட்டைத் தூக்கினாள். ஜன்னலிலிருந்து பார்க்கத் தோதாகக் கொஞ்சம் தள்ளியே நின்றுகொண்டாள். கிளிப்புகளை நெம்பி மூடியை எடுத்தாள். ரோட்டரை உருவி, அவர் பார்க்கும்படி ஒரு தடவை தூக்கிப் பிடித்துவிட்டு, கைப்பையில் போட்டுக்கொண்டாள். மூடியைத் திரும்பப் பொருத்தி, பானட்டைச் சாத்தி, துணியால் விரல்களைத் துடைத்தாள்.

"அக்கா" என்று அவர் கத்த ஆரம்பித்தார்.

அவள் ஜன்னலருகே போனாள். குரலை உயர்த்தவில்லை.

"சொல்லுங்க. சொன்னா இதை என்கிட்டயிருந்து பிடுங்கி மாட்டுவாங்க. உங்க அக்கா மகன் வண்டியை எடுத்துக்கிட்டுச் சுத்துவான், உங்களை ஏத்திக்கிட்டு இல்லை. சொல்லலைன்னா வண்டி இங்கேயே நிக்கும். பார்த்துக்கிட்டே படுத்திருக்கலாம். ஏன் ஓடலைன்னு அவங்க உங்களைத்தான் போட்டுத் துளைப்பாங்க, திட்டுவாங்க. ஆனா திருப்பி அனுப்ப முடியாது. நீங்கதான் வேற வண்டியில ஏறமாட்டீங்களே. ஏறினாலும் அந்த வாடகை வீட்ல நாளையிலேர்ந்து ஆள் கிடையாது." கைப்பையின் ஜிப்பை இழுத்து மூடினாள். "ஒண்ணைச் சொல்லாம வெச்சுக்கறது உங்களுக்குப் பழக்கம்தானே."

"என்னடா, கூப்பிட்டியா?" என்று நாத்தனார் உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள்.

அவர் அவளைப் பார்த்தார். காரைப் பார்த்தார். "ஒண்ணுமில்லை" என்றார்.

தெருமுனைக்குப் போகிற வழியில் நாத்தனார் மகன் எதிரே வந்தான். "அத்தை, வண்டி வந்துடுச்சா? சாவி எங்க?"

"வண்டியிலேயே இருக்கு. போய் ஓட்டிப் பாரு."

அவன் ஓட்டமும் நடையுமாகப் போனான். அவள் பேருந்து நிற்கிற இடத்தில், மூடியிருந்த ஒரு கடையின் நிழலில் நின்றாள். கொஞ்ச நேரத்தில் சத்தம் கேட்டது. கார் இருமியது, நின்றது, மறுபடியும் இருமியது. நாத்தனாரின் குரலும் அவள் மகனின் குரலும் மாறி மாறிக் கேட்டன. "மாமா, என்ன ஆச்சு மாமா? இப்பதானே ஓடிச்சாம்?" அவருடைய குரலுக்காக அவள் காதைத் தீட்டிக்கொண்டாள். அது வரவேயில்லை. இருமல் முனகலாகி, முனகல் இழுத்து இழுத்துத் தேய்ந்து, கடைசியில் 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்டது.

அந்தச் சத்தம் அவளுக்குத் தெரியும். அது அடங்கும்வரை நின்று கேட்டாள். பிறகு வந்த பேருந்தில் ஏறி, ஜன்னலோரமாக இடம் பார்த்து உட்கார்ந்துகொண்டாள்.